மக்ரூன் கொடுத்த பிறகு வராமல்போன கையெழுத்து

மேடையில் ஏறிச் சாட்சி சொல்லுங்கள் என்று பாஸ்டர் கூப்பிட்டார். மாட்டேன் என்றேன். நான் ஏற்கெனவே இரண்டு முறை மைக் பிடித்தவள். முதல் முறை பொய் சொன்னேன், இரண்டாம் முறை அழுதேன். இனி எழுதித்தான் தருவேன், சபைப் பத்திரிகையில் ஒரு வரியும் வெட்டாமல் போடுங்கள் என்று கேட்டேன். சரி என்றிருக்கிறார். பார்ப்போம்.

என் பெயர் எஸ்தர். தூத்துக்குடியில் ஓர் உப்புக் கம்பெனியில் பாக்கெட் போடும் பகுதியில் மேற்பார்வை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் செல்வின், நம்ம மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் பிளான்டில் மெக்கானிக்காக இருந்தவர். நான்கு வருஷத்துக்கு முன் கனடா போனார். அங்கே கடலோரம் ஒரு சின்ன ஊரில் மீன் பதப்படுத்தும் கம்பெனி. அதே குளிர்சாதன இயந்திர வேலை. லீவில் வந்தால் திரும்பப் போக விடுவார்களோ மாட்டார்களோ என்ற பயத்தில் ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. அவர் போகும்போது மகள் மூன்றாம் வகுப்பு, இப்போது ஏழாம் வகுப்பு. அப்பாவை அவள் போனில் பார்த்துத்தான் வளர்ந்திருக்கிறாள்.

அவருடைய வேலை அனுமதி மே மாதக் கடைசியில் முடிவதாக இருந்தது. அதற்குள் பி.ஆர். என்கிற நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு மனுப் போட வேண்டும். அது கிடைத்தால்தான் நானும் பிள்ளையும் அவரோடு போய்ச் சேர முடியும். அந்த மனுவுக்கு முதலாளியின் ஆதரவு வேண்டும். 'இந்த ஆள் எனக்குத் தேவை, இவருக்கு இங்கே நிலையான வேலை உண்டு' என்று படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போடவில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். இந்த வருஷம் ஒருத்தருக்குத்தான் போடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் செல்வினிடம், "உனக்குச் செய்யலாம், பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நம்ம சபை வழக்கம் உங்களுக்குத் தெரியும். கிடைத்த பிறகு சாட்சி சொல்வது சாதாரண விசுவாசம். கிடைக்கும் முன்பே 'கிடைத்தாயிற்று' என்று அறிக்கை செய்வது பெரிய விசுவாசம். ஜனவரி முதல் ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர், "பெற்றுக்கொண்டவங்க எழும்பிச் சொல்லுங்க" என்றார். நான் எழும்பினேன். எல்லாருக்கும் கொடுக்க இரண்டு பெட்டி மக்ரூன் இனிப்பு வேறு வாங்கி வைத்திருந்தேன்.

முன் வரிசையில் ரோசி அக்கா. மகன் டொரண்டோவில் இருக்கிறான் என்று வாரம் ஒரு தரமாவது சொல்லாவிட்டால் அக்காவுக்குச் சோறு இறங்காது. அவர் முகத்தைப் பார்த்ததும் என் வாய் நிற்கவில்லை. "கர்த்தர் எங்களுக்கு பி.ஆர். கொடுத்துட்டாரு. அது கைக்கு வந்ததும் அந்தச் சின்ன ஊர விட்டுட்டு எங்க வீட்டுக்காரரும் டொரண்டோ போயி பெரிய கம்பெனியில சேரப் போறாரு" என்றேன். செல்வின் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. எல்லாரும் அல்லேலூயா என்றார்கள், மக்ரூனைத் தின்றார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நம்ம ஆராதனைதான் உலகமெல்லாம் யூடியூபில் போகிறதே!

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செல்வின் போன் செய்தார். அங்கே அப்போது காலை.

"ஏளா, சபையில என்னத்தச் சொல்லித் தொலச்ச?"

"ஏங்க, என்ன ஆச்சு?"

"நான் டொரண்டோ போறேன்னு உன்கிட்ட எப்பளா சொன்னேன்? ஜெபசிங் அந்த வீடியோவ முதலாளிகிட்ட காட்டிட்டான். கையெழுத்துப் போட மாட்டேங்காரு."

ஜெபசிங் நம்ம பக்கத்து நாசரேத்துக்காரர். அதே கம்பெனியில், அதே ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தவர். முதலாளிக்கு ஏற்கெனவே சூடு பட்டிருக்கிறது. முன்பு இரண்டு பேருக்குக் கையெழுத்துப் போட்டாராம், பி.ஆர். வந்த வாரமே இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்களாம். செல்வின் எவ்வளவோ மன்றாடினார். "உன் மனைவியே சொல்கிறாளே" என்று முதலாளி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அன்றைக்கு நான் ஜெபித்த ஜெபத்தை உள்ளபடி சொல்கிறேன். ஜெபசிங்கின் நாக்கு அழுகட்டும் என்று ஜெபித்தேன். முழங்காலில் நின்றுதான் கேட்டேன். பாஸ்டர் மேலும் கோபம், கர்த்தர் மேலும் கோபம். விசுவாசத்தில் சொன்னதற்கு இதுதானா பலன் என்று சண்டை போட்டேன்.

சபையாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் தெரியாத மாதிரி, "என்ன எஸ்தர், டிக்கெட் போட்டாச்சா?" என்று கேட்டார்கள். மக்ரூன் தின்ற வாய்தானே அது! வீட்டுக்கு வந்து ஜெபித்த இரண்டு சகோதரிகள், "ஒளிச்சு வச்ச பாவம் ஏதாச்சும் இருக்கும், யோசிச்சுப் பாரும்மா" என்று புத்தி சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள். அதை நான் இன்னும் மறக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

பிப்ரவரி முழுக்க நான் சபைக்கு வரவில்லை. மார்ச் மாதம் ஒரு நாள் மத்தியானம், கம்பெனியில் உப்புக் குவியலின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். முதல் தடவையாகச் சண்டை போடாமல் கேட்டேன். "ஆண்டவரே, நான் வாயாடி. என் வாய்க்காக அவர அடிக்காதேயும்."

குரல் எதுவும் கேட்கவில்லை. உன் வாயால் கெட்டதை உன் வாயால்தான் சரி செய்ய வேண்டும் என்ற நினைப்பு மட்டும் வந்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. வேறு வழி காட்டும் என்று இரண்டு வாரம் கேட்டுப் பார்த்தேன். வேறு வழி வரவில்லை.

பாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "சிஸ்டர், அத மேடையில சொன்னா மத்தவங்க விசுவாசம் தளர்ந்திரும்லா? வீட்ல இருந்து ஜெபம் பண்ணுங்க" என்றார். நான் கேட்கவில்லை. மார்ச் கடைசி ஞாயிறு, சாட்சி நேரத்தில் நானே போய் மைக்கை எடுத்தேன்.

"ஜனவரியில நான் சொன்னது பொய். கர்த்தர் இன்னும் ஒண்ணும் கொடுக்கல. டொரண்டோ போறேன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னதே இல்ல, அது என் பெரும. அவுக அந்த ஊர்லயே இருந்து வேல பாக்கத்தான் ஆசப்படுதாவ."

ஒரு அல்லேலூயாகூட வரவில்லை. ரோசி அக்கா குனிந்து பைபிளைப் புரட்டினார். அணைக்கவா என்று கேமராக்காரர் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் வேண்டாம் என்று தலையசைத்தார். அந்த ஒரு தலையசைப்புக்காக அவர் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதியை விட்டுவிட்டேன். மீதிப் பாதி இருக்கிறது. நான் அழுதேன், வந்து உட்கார்ந்தேன்.

புதன்கிழமை செல்வின் போன் செய்தார்.

"எஸ்தர், கையெழுத்துப் போட்டுட்டாரு."

"யாரு போய்ச் சொன்னா?"

"ஜெபசிங்தான். நீ அழுதத யூடியூபுல பாத்து அவனுக்கு மனசு உறுத்திட்டாம். அவனே போயி வீடியோவக் காட்டி, நீ சொன்னத ஒவ்வொரு வரியா இங்கிலீஷ்ல சொல்லியிருக்கான். அப்போ உனக்கு வேண்டாமான்னு முதலாளி கேட்டாராம். எனக்கு அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம், முதல்ல செல்வினுக்குப் போடுங்கன்னு சொல்லிட்டானாம்."

நான் யாருடைய நாக்கு அழுக வேண்டும் என்று கேட்டேனோ, அந்த நாக்கை வைத்தே கர்த்தர் எனக்குப் பதில் கொடுத்தார். சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது. செல்வினிடம் முதலாளி ஒன்றுதான் கேட்டாராம், எவ்வளவு காலம் இருப்பாய் என்று. பிள்ளை அந்த ஊருக்கு வந்து பள்ளிக்கூடம் படித்து முடிக்கும்வரை என்று இவர் சொன்னார். அந்த வார்த்தையை நாங்கள் காப்பாற்றுவோம்.

கவனமாக வாசியுங்கள். பி.ஆர். வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. மனுப் போட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. வந்தது ஒரு கையெழுத்து. அதற்கு மட்டும்தான் இந்தச் சாட்சி, அதற்கு மட்டும்தான் ஸ்தோத்திரம்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, கேளுங்கள். உள்ளதை உள்ளபடி கேளுங்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே கேளுங்கள், அவர் தாங்குவார். அவர் செய்யாததைச் செய்ததாக மட்டும் சொல்லாதீர்கள்.

ஜெபசிங்குக்கு இன்னும் கையெழுத்து வரவில்லை. அவருக்கும் இங்கே மனைவி இருக்கிறாள், பிள்ளை இருக்கிறது. தினமும் அவருக்காக ஜெபிக்கிறேன். முதல் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஜெபித்தேன். இப்போது கொஞ்சம் இளகியிருக்கிறது. நீங்களும் அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். அவருக்குக் கிடைக்கட்டும், அன்றைக்கு நானே சபை முழுக்க மக்ரூன் கொடுக்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றுகூட வாங்க மாட்டேன்.