தொடர் ஓட்டத்துக்கு ஒரு குச்சி

தஞ்சாவூரில் பேத்தியின் பள்ளியில் விளையாட்டு விழா. கூரை போட்ட கூடம், ரப்பர் விரித்த தரை. அணிக்கு எட்டுக் குழந்தைகள். ஓடிப்போய் ஆரஞ்சு நிறக் கூம்பைச் சுற்றி வந்து அடுத்தவர் உள்ளங்கையில் தட்ட வேண்டும். எல்லாரும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் வியர்த்தது. "பிரஷர் மாத்திரை போட்டீங்களாப்பா?" என்றாள் மகள். போட்டிருந்தேன். இது மாத்திரைக்கு அடங்குகிற வியர்வை இல்லை.

மன்னார்குடிக்குத் தெற்கே இருந்த எங்கள் பள்ளிக்கு மைதானம் கிடையாது. சம்பா அறுத்ததும் பின்னால் இருந்த வயல்தான் மைதானம். காய்கிற சேற்றின் வாசனையை நினைத்தாலே, அறுப்பில் மிஞ்சிய அரிதாள் குத்திய பாதம் இன்றும் கூசுகிறது. பக்கத்து வயலில் கால் வைக்கக் கூடாது. அறுப்புக்கு முன்பே தெளித்த உளுந்து அங்கே இரண்டிலை விட்டு நிற்கும். தாளுக்குள் மறைந்த முளை தூரத்துக்குத் தெரியாது என்பதால் வைக்கோல் பிரி சுற்றிய குச்சி ஒன்றை நட்டு வைப்பார்கள். ஆடு இறக்காதே என்று பொருள். இராமநாதபுரம் பக்கமிருந்து செம்மறி ஓட்டிவரும் கீதாரிகள் அந்தக் குச்சியைப் பார்த்துத்தான் வயலில் இறங்குவார்கள்.

அப்போது எனக்கு ஐந்தாம் வகுப்பு. தேதிப் பைத்தியம் அன்றே பிடித்திருந்தது. எந்தக் கிழமை யார் ஜெயித்தார்கள் என்று, நட்சத்திரம் உட்பட, நோட்டில் எழுதுவேன். "வந்துட்டாருடா பஞ்சாங்கம்!" என்பார்கள். அதனாலேயே மைதானம் அளக்கும் வேலையை டீச்சர் எனக்குக் கொடுத்திருந்தார். அன்று தனியாகப் போய் நாற்பது தப்படி அளந்தேன். ஓடிப்போய்ச் சுற்றி வர இரண்டு அணிக்கு இரண்டு குச்சி நட வேண்டும், அன்று இருந்தது ஒன்று. பக்கத்தில், அமிர்தம் அக்காவின் குத்தகை வயலில் நின்றதைப் பிடுங்கினேன். வைக்கோலை உருவிப் பையில் திணித்துக்கொண்டேன். அரை மணியில் திரும்ப நட்டுவிடலாம், என்ன ஆகிவிடப்போகிறது?

"தட்டுடி, தட்டு!"

"ஏய் பஞ்சாங்கம், எழுதிக்க, இவ கையைத் தொடாமலே ஓடுறா!"

ஒரு எட்டு வித்தியாசத்தில் எங்கள் அணி ஜெயித்தது. மணி அடித்ததும் எல்லாரும் உள்ளே ஓட, நான் குச்சியோடு பக்கத்து வயலுக்குப் போனேன். வயல் நிறைய ஆடு. கீதாரி குட்டி ஒன்றைத் தோளில் போட்டபடி வாய்க்கால் கரையில் நின்றார். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. கத்தியிருக்கலாம். வைக்கோலைச் சுற்றிக் குச்சியை நட்டுவிட்டு ஓடிவந்தேன்.

சாயங்காலம் பள்ளி வாசலில் ஊரே கூடிவிட்டது.

"குச்சி இல்லீங்க. இருந்தா எறங்குவனா?" என்றார் கீதாரி.

"அப்ப நிக்கிதே, அது என்னாய்யா? இப்பதான் மொளச்சுதா?" என்றார் ஒருவர். சிரித்தார்கள்.

அமிர்தம் அக்கா சிரிக்கவில்லை. "ரெண்டு எல விட்ட பயிருய்யா. எம் புள்ளைவ வயித்துல அடிச்சிட்டியே" என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

நான்கு நாளாக எங்கள் ஆட்டத்தைக் கரையிலிருந்து பார்த்து ரசித்தவர் அந்தக் கீதாரி. கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். "எல்லாத்தையும் எழுதுற பய இவன். தம்பி, நீ சொல்லுய்யா. அங்க குச்சி இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றேன்.

"புள்ள பொய் சொல்லாது. எங்கண்ணுலதான் படல போலருக்கு" என்று அவர் என் தலையைத் தடவினார். அபராதமாக நான்கு ஆடுகளைப் பிடித்துக்கொண்டு அவரை ஊரைவிட்டு அனுப்பினார்கள். அன்றைய பக்கத்தில் நான் எழுதியது ஒரே வரி: எங்கள் அணி வெற்றி.

போன மாசியில் விசாரித்து விசாரித்து அவர் ஊருக்குப் போனேன். அவர் இறந்துபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. பட்டியில் ஒரு ஆடுகூட இல்லை, விறகு அடுக்கியிருந்தது. அவருடைய மகன் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். என் ஊர்ப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"அந்த ஊர்லதான் எங்கண்ணு பொய்யாப் போச்சுன்னு அப்பா சொல்லுவாருங்க. அதுக்கப்புறம் எந்த வயல்லயும் அவரா ஆட்டை எறக்க மாட்டாரு. 'குச்சி இருக்கான்னு நீ பாருடா'ன்னு சின்னப்பய என்னையக் கூப்புடுவாரு. பார்வை நல்லாத்தான் இருந்துச்சு, கடைசிவரைக்கும். அங்க என்னா நடந்துச்சு, ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.