நம்ம ஊட்டுக்கு இது போதும்

நெசவுக்காரர் மகளைக் கட்டிக்கொண்டு, அவளுக்கே இழை விட்டுப்போன சேலையைக் கொடுத்த முட்டாள் ஒருவன் இருந்தான். அவன் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவன் என்றால் முட்டாள்தனம் இரட்டிப்பு. அவன் நான்தான்.

நாமக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நின்றேன். புது ஆள் படியேறினால் விசிறி, காபி, வெற்றிலை, என் முப்பத்திரண்டு பல் எல்லாம் அவருக்குத்தான். பழைய வாடிக்கைக்காரருக்கு ஒரு தலையசைப்பு. அவர் எங்கே போய்விடப் போகிறார்? இதைப் பெரிய தொழில் ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மைத்துனன் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க என் மனைவி கடைக்கே வந்தாள். அன்றைக்குப் பார்த்துத் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணைக் குடும்பம் ஒன்று ஜமக்காளம் நிறைய உட்கார்ந்திருந்தது. முதல் தடவை வந்தவர்கள். முந்தானைகளை என் தோளிலேயே போட்டுத் திரும்பித் திரும்பிக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் தூணோரம் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில், அடுக்குக்கு அடியில் கிடந்த ஊதாச் சேலை ஒன்றை அவள் பக்கம் தள்ளினேன்.

"நம்ம ஊட்டுக்கு இது போதும். வெளியில விக்க மாட்டேங்குது."

ஒரு முழம் பிரித்துப் பார்த்தாள். இழை விட்டுப்போன இடத்தில் விரல் நின்றது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டாள்: "ஏனுங்க, அந்தப் பண்ணையக்காரம்மாளுக்கு இதை எடுத்துக் காட்டுவீங்களா?"

நான் சிரித்தேன். "ஏன், நீ கடை மாத்தப் போறியா?"

அவள் மாற்றித்தான் விட்டாள். ஊதாச் சேலையைப் பெட்டிமேல் மடித்து வைத்துவிட்டு, கல்யாணத்துக்கென்று வெண்ணந்தூரில் பிறந்த வீட்டுக்குப் போனவள், கல்யாணம் முடிந்தும் திரும்பவில்லை.

அதன்பிறகு நான் வைத்த ரசத்தை நானே குடிக்கவில்லை. கடையிலிருந்து வந்து கதவைத் தட்டுவேன். தட்டிய பிறகுதான் பூட்டு கையில் இடிக்கும். முன்பெல்லாம் அவள் தாழ்ப்பாளை எடுக்கும்போது வளையல் கதவில் ஒரு தரம் உரசும். உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும் அந்தச் சத்தத்துக்காகக் கொஞ்சம் நிற்பேன். ஊறுகாய் ஜாடியின் வாயை அவள் துணியால் கட்டியிருந்தாள். அவள் போட்ட முடிச்சை அவிழ்க்க மனம் வராமல் வெறும் மோர்ச்சோறு தின்றேன். ஊறுகாய் கெட்டுவிடாமல் இருந்தது, நான்தான் கெட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வரக் கிளம்பினேன். சேலம் ரோட்டில் அப்போது இரண்டு முதலாளிகளின் பஸ்கள் போட்டி போட்டு ஓடின. நான் எப்போதும் பச்சை பஸ்தான். சிவப்பு பஸ்ஸில் ஏறுவது ஏதோ துரோகம் என்று எனக்கொரு நினைப்பு. பச்சை பஸ் ஏஜெண்டு புது ஆட்களுக்குச் சோடா உடைத்துக் கொடுத்து முன் சீட்டில் உட்காரவைத்தான். என்னைப் பார்த்து, "நீங்க பின்னால ஒண்டிக்குங்க, நம்ம ஆளுதானுங்களே" என்றான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

புதுச்சத்திரம் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. சோடா குடித்தவர்களை எல்லாம் தாண்டிக் கண்டக்டர் நேரே என்னிடம் வந்தான்.

"எறங்கித் தள்ளுங்க சாமி."

"முன்னால இருக்கறவங்களையும் எறங்கச் சொல்லப்பா."

"அவங்க மனசு கோணுனா நாளைக்குச் செவப்புல ஏறிக்குவாங்க. நீங்க எங்க போயிரப் போறீங்க?"

என் தொழில் ரகசியம் அவனுக்கும் தெரிந்திருந்தது. முதுகைக் கொடுத்துத் தள்ளினேன். வண்டி ஓர் உறுமல் உறுமி, புகையை முழுக்க என் முகத்தில் விட்டது. அந்தக் கரும்புகைக்குள் கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது, தூணோரம் அவள் எத்தனை நேரம் நின்றாள் என்பது எனக்கு விளங்கியது.

ராசிபுரத்தில் இறங்கி, மாட்டுவண்டி பிடித்து வெண்ணந்தூர் போய்ச் சேர்ந்தேன். வாசலில் இருந்த மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க மாப்பிள்ளை. கரி மூட்டை எறக்கற வேலைக்குப் போயிட்டீங்களா?"

அவருக்கு முழங்கால் வலி. அவருக்குப் பதில் என் மனைவிதான் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள். அன்று காலைதான் தறியில் நீளவாட்டு நூலைப் புதுப் பாவாகப் பூட்டியிருந்தார்கள். நெய்து முடிக்க எப்படியும் ஒரு மாதம் ஆகும். குழியோரம் போய் உட்கார்ந்தேன். பஸ் தள்ளிய கதையைச் சொன்னேன். அவள் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா என்று நான் பார்ப்பதற்குள் குனிந்துவிட்டாள்.

"அந்தச் சேலையை உனக்குக் குடுத்திருக்கக் கூடாது" என்றேன்.

ஊடு நூலை இழுத்துக்கொண்டு நாடா அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது.

கடைக்கு வருவோர் போவோரை எல்லாம் சாமி, சாமி என்று கூப்பிட்ட வாய் அன்றுதான் முதல் தடவையாக அவளை அப்படிக் கூப்பிட்டது. "நம்ம ஊட்டுக்கு எப்ப வாரே சாமி?"

அறுந்த இழை ஒன்றைத் தேடி எடுத்து முடிந்தாள். தறியின் மிதியில் காலை வைத்தாள்.

"இந்தப் பாவு தீரட்டுமுங்க."