ஜாம் போத்தலுக்குப் பின்னால்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். வீட்டிலும் சொல்வார்கள், கடையிலும் சொல்வார்கள். ஆனாலும் ஒரே ஜாம் போத்தலை மாதாமாதம் படம் எடுக்கச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

மாத்தளை டவுனில் ஹாஜியாரின் வாசனைத் திரவியக் கடைக்கு இணையப் பக்கம் ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காலையில் ரத்தோட்டை பஸ்ஸில் வந்து இறங்கி, மிளகையும் கராம்பையும் ஏலத்தையும் படம் எடுத்து, பெயர் வைத்து, மீடியா லைப்ரரியில் ஏற்றுவேன். கடையின் எல்லாப் படங்களும் இருக்கிற அலுமாரி அது. அதிலிருந்து எடுத்துத்தான் ஒவ்வொரு பக்கத்திலும் மாட்ட வேண்டும். அங்கே ஒரு படத்தை அழித்தால் அழித்ததுதான், குப்பைக்கூடையைக் கிளறி எடுக்கிற வசதியெல்லாம் கிடையாது.

அந்தப் பக்கத்தை முதலில் செய்தது ஹாஜியாரின் ஒரே மகள். வாப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கூடப் படித்தவரைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போய்விட்டாளாம். நான் அவளுடைய கதிரையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் அவளைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாயைத் திறந்ததில்லை. எனக்கே கடைத்தெருவில் யாரோ சொல்லித்தான் தெரியும்.

ஜாம் ஹாஜியாருடைய மனைவியின் கைவேலை. நான் அவரை மாமி என்று கூப்பிடுவேன், அவரும் ஹாஜியாரும் என்னை மகள் என்று கூப்பிடுவார்கள். கடைக்குப் பின்னால்தான் வீடு. சாதிக்காய்க் கொட்டையும் அதைச் சுற்றியிருக்கிற பத்திரியும் கடைக்குப் போய்விடும். மிஞ்சுகிற சதையை மாமி வீசாமல் சீனி போட்டுக் காய்ச்சுவார். சும்மா சொல்லக் கூடாது, பாணில் பூசித் தின்றால் இன்னொரு துண்டு பாண் கேட்கும்.

ஜாமில் குறை இல்லை. படத்தில்தான் மாமிக்குத் திருப்தியே வராது.

"மகள், லேபல் கொஞ்சம் கோணல் மாதிரி. இன்னொருக்கா எடுப்பமா?"

"போன மாசமும் இதத்தானே சொன்னீங்க மாமி?"

"இந்த மாசம் நிறம் நல்லா வந்திருக்கு. ஆக்கள் பாக்கட்டுமே."

பின் விறாந்தையில் மேசை போட்டு, போத்தலை வைத்து, அதற்குப் பின்னால் சஹனை நிறுத்தி வைப்பார். முஸ்லிம் வீடுகளில் விருந்து என்றால் பெரிய வட்டத் தட்டில் சோறு போட்டு, சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுதான் சஹன். மாமியுடையது எவர்சில்வர். தேசிக்காய் போட்டுத் தேய்த்து முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று வைத்திருப்பார். வெளிச்சம் நன்றாக விழும் என்று அதை வைக்கச் சொன்னார், நானும் நம்பினேன். படம் எடுக்கும்போது என் தோளை ஒட்டி நின்றுகொள்வார். தள்ளி நில்லுங்கள் என்றால் அந்தப் பக்கம் போய், மறுபடி இந்தப் பக்கம் வந்து நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பழைய படத்தை அழிக்காமல் புதியதைப் புதியதை ஏற்றிக்கொண்டே போனதில் ஒரு நாள் லைப்ரரி நிறைந்துவிட்டது. இடமில்லை என்று சிவப்பு எழுத்தில் காட்டியது. காலையிலேயே போய் ஹாஜியாரிடம் அதைச் சொல்லிவிட்டு, எதை அழிக்கலாம் என்று பார்க்க உட்கார்ந்தேன். தேடும் இடத்தில் ஜாம் என்று அடித்தேன். எல்லா ஜாம் படங்களும் சின்னச் சின்னக் கட்டங்களாக வரிசையில் வந்து நின்றன.

தனித்தனியாகப் பார்த்தபோது ஒரு நாளும் என் கண்ணில் படவில்லை. வரிசையாகப் பார்த்தபோது போத்தல் மாறவே இல்லை, அதற்குப் பின்னால்தான் ஏதோ மாறிக்கொண்டே இருந்தது. ஒன்றைப் பெரிதாக்கினேன். சஹனில் மாமியின் முகம். அடுத்ததிலும் முகம். நீல முக்காட்டோடு ஒன்று. பெருநாளைக்கு எடுத்த புதுப் பூப்போட்ட முக்காட்டோடு ஒன்று. காய்ச்சலில் கிடந்து எழும்பிய கண்ணோடு ஒன்று. ஒன்றில் சிரிக்கிறார். எல்லாவற்றிலும் நேராகக் கேமராவைத்தான் பார்க்கிறார்.

விறாந்தைக்குப் போய், "மாமி, இந்தப் படங்கள யாருக்குக் காட்டுறீங்க?" என்று கேட்டேன்.

மாமி வெட்டிக்கொண்டிருந்த சாதிக்காயைக் கீழே வைத்தார்.

"அவளோட பேச மாட்டேன், எழுத மாட்டேன், போட்டோ அனுப்ப மாட்டேன்னு அவட வாப்பாக்கு வாக்குக் குடுத்திருக்கேன் மகள். அத நான் மீறல்ல. இது ஜாம் போட்டோ தானே." பிறகு முக்காட்டின் ஓரத்தை இழுத்து விட்டுக்கொண்டார். "அந்தப் பக்கத்த செஞ்சதே அவதான். என்னைக்காவது தொறந்து பாக்காமலா இருப்பா? இந்தச் சஹன்ல சின்ன வயசில இருந்து என் பக்கத்தில உக்காந்து சாப்பிட்ட புள்ள. கண்டா தெரியும்."

"பாக்கிறாங்களா?"

"தெரியாது."

எனக்கு ஹாஜியார் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பெற்ற பிள்ளைக்கு முகத்தைக் காட்ட ஒரு தாய் போத்தலுக்குப் பின்னால் ஒளிந்து நிற்க வேண்டுமா? ஆனால் கடை அவருடையது, சம்பளம் தருவதும் அவர். பல்லைக் கடித்துக்கொண்டு கதிரைக்குத் திரும்பினேன்.

பின்னேரம் ஹாஜியார் வந்தார். இடமில்லை என்று நான் காலையில் சொன்னது அவருக்கு வேறு யோசனையைக் கொடுத்திருந்தது.

"கண்டியில ஒரு ஸ்டூடியோக்குச் சொல்லியிருக்கேன் மகள். எல்லாச் சாமானையும் வெள்ளையில வச்சு எடுத்துத் தருவாங்க. வந்த உடன பழசெல்லாத்தையும் அழிச்சிட்டு, புதுச ஏத்துங்க. ஒண்டும் மிச்சம் வேணாம்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். மாமியிடம் சொன்னபோது அவர் அடுப்பில் இருந்த ஜாமைக் கிண்டிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ பதம் தாண்டியிருந்தது.

ஸ்டூடியோப் படங்கள் வந்தன. அழகாகத்தான் இருந்தன, வைத்தியசாலைக் கட்டிலில் படுக்க வைத்த மாதிரி. பழைய மிளகை அழித்தேன், புதியதை ஏற்றினேன். கராம்பை மாற்றினேன், ஏலத்தை மாற்றினேன். ஜாம் பக்கம் மட்டும் போகவில்லை. ஹாஜியார் கேட்டபோதெல்லாம், "நெட் சுத்துது ஹாஜியார்" என்றேன். எத்தனை நாளைக்கு அது சுற்றும்?

அப்படித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில் லைப்ரரியில் நான் ஏற்றாத படம் ஒன்று கிடந்தது. சாமான் வாங்குகிறவர்கள் அபிப்பிராயம் எழுதும்போது படமும் போடலாம். நாங்கள் அனுமதித்தால்தான் அது பக்கத்தில் தெரியும். வெளிநாட்டிலிருந்து ஜாம் வாங்கிய யாரோ போட்டது. எழுத்து ஒன்றும் இல்லை, படம் மட்டும். மேசையில் எங்கள் ஜாம் போத்தல். அதைப் பிடித்து இழுக்கிற ஒரு குழந்தையின் கை. பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டில் ஒரு இளம் பெண்ணின் முகம். மூக்கும் தாடையும் மாமியை உரித்து வைத்த மாதிரி.

ஓடிப்போய் மாமியைக் கூட்டி வந்து என் கதிரையில் உட்கார வைத்தேன். மாமி முதலில் தட்டைப் பார்த்தார், பிறகு அந்தக் கையைப் பார்த்தார். அப்படி ஒரு கை இருப்பதே அவருக்கு அன்றுவரை தெரியாது. கண்ணீர் வழிய வழியத் துடைக்காமல் இருந்துவிட்டு, கடைசியில் சொன்னார்:

"இவ்வளவு சின்னப் புள்ளக்கு சீனி குடுக்கக் கூடாது. அவளுக்கு யாரு சொல்லிக் குடுப்பா?"

அதோடு என் பொறுமை முடிந்துவிட்டது. வேலை போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். மாமி உள்ளே போன பிறகு ஹாஜியாரைக் கூப்பிட்டேன்.

"கஸ்டமர் ஒருத்தங்க படம் போட்டிருக்காங்க ஹாஜியார். விடவா, அழிக்கவா? அழிச்சா திரும்ப எடுக்க ஏலாது. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். நான் தட்டை மட்டும் பெரிதாக்கினேன், பிறகு கையைப் பெரிதாக்கினேன். அவர் மூச்சு என் காதுக்குக் கேட்டது. நிமிர்ந்து, பள்ளிவாசலுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டார். நான் பையைக் கட்டாத குறையாக உட்கார்ந்திருந்தேன்.

தொழுதுவிட்டு வந்தவர் நேராக என்னிடம் வந்தார்.

"பழைய ஜாம் படம் எல்லாம் அழிச்சிட்டீங்களா?"

"இல்ல ஹாஜியார்."

"காட்டுங்க."

வரிசையாகத் திறந்தேன். எந்தப் படத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை ஒவ்வொன்றாக நகர்த்தச் சொன்னார். கடைசியில் நின்றார்.

"எளச்சுப் போயிருக்கா" என்றார். "வீட்டில நான் கவனிக்கல்ல."

எனக்கு அவர் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த மனுசனைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. வந்த படத்தை விடச் சொன்னார். வெள்ளை ஜாம் படத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அடுத்த மாதம் மாமி வழக்கம்போல மேசையைப் போட்டார், போத்தலை வைத்தார், சஹனைத் துடைத்து நிறுத்தினார். நான் போனை எடுத்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஹாஜியார் வெள்ளைத் தொப்பியைச் சரி செய்துகொண்டு வந்து மாமிக்குப் பக்கத்தில் நின்றார். மாமி திரும்பிப் பார்க்கவில்லை, கொஞ்சம் தள்ளி இடம் விட்டார்.

ஹாஜியார் ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தார், மறுபக்கம் சாய்ந்து பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"மகள், சஹனக் கொஞ்சம் திருப்பி வைங்க" என்றார். "நான் தெரியல்ல."