ஸம்றா வீட்டில் மட்டும் நிற்கும் கொம்பியூட்டர்

சாய்ந்தமருதில் கொம்பியூட்டர் திருத்தும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடையில் இருப்பதெல்லாம் பொடியன்மார். புருஷன் கட்டாரில், வீட்டில் பொம்பிளைகள் மட்டும் என்றால், எந்தப் பொடியனைக் கூப்பிட்டு உள்ளறையில் மணிக்கணக்காக உட்கார வைப்பது? பக்கத்து வீட்டு யன்னல்களுக்கு வேறென்ன வேலை? அப்படிப்பட்ட வீடுகளுக்கென்றே இருக்கிறாள் றிபா. நாற்பது தாண்டியவள். கறுப்பு அபாயா, பழைய ஸ்கூட்டி, தோளில் ஒரு பெரிய பை. கல்முனையில் அவள் ஹார்ட்வெயார் கோர்ஸ் படித்த காலத்தில் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். "ஸ்குறூ முடுக்கிப் பொழைக்கப் போறாளாம்" என்று சிரித்த சொந்தக்காரர்கள், இன்றைக்குப் பிரிண்டர் பேப்பரை இழுக்கவில்லை என்றால் முதலில் அவளுக்குத்தான் போனில் கோல் எடுக்கிறார்கள்.

திருத்தத் தெரிந்ததால் மட்டும் அவள் பிழைப்பு ஓடவில்லை. வாயைப் பூட்டி வைக்கத் தெரிந்ததால் ஓடுகிறது. ஒரு வீட்டுக் கொம்பியூட்டரைத் திறந்தால் யார் யாருக்கு என்ன எழுதினார்கள், எந்தப் படத்தை எங்கே ஒளித்து வைத்தார்கள், எல்லாம் கண்ணில் படத்தான் செய்யும். அதைக் கொண்டுபோய் இன்னொரு வீட்டில் அவிழ்த்து விட்டால் அடுத்த கிழமை ஒரு கதவும் திறக்காது. அவளைப் பெற்ற உம்மாவாலேயே அவளிடமிருந்து ஒரு கதை பிடுங்க முடிந்ததில்லை.

அந்த றிபாவைத்தான் ஸம்றா கூப்பிட்டிருந்தாள்.

ஸம்றாவின் புருஷன் நளீம் நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு மௌத்தாகிவிட்டார். ரியூசன் மாஸ்டர்மாருக்கு வினாத்தாள் டைப் பண்ணிக் கொடுக்கும் மனிதர். விடிகாலை சுபஹுத் தொழுகைக்கு முன்னர் கிணற்றடிக்குக் குளிக்கப் போனவர் அங்கேயே விழுந்து கிடந்தார். சீனி வருத்தமும் பிரஷரும் இருந்தவர் என்பதால் ஹார்ட் அட்டாக் என்று எல்லாரும் சொன்னார்கள், ஒருவரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் போஸ்ட்மோர்ட்டம் என்று வெட்டாமல் கொத்தாமல் ஜனாஸாவைத் தந்தால் காணும் என்பதே குடும்பத்தின் கவலையாக இருந்தது. அப்படியே தந்தார்கள். பகல் ளுஹர் தொழுகைக்கு முன்னர் அடக்கியும் ஆயிற்று.

இப்போது ஸம்றா, புருஷனை இழந்தவளுக்குரிய இத்தா இருக்கிறாள். அது முடியும்வரை வீட்டுப்படி தாண்ட மாட்டாள், கூடப்பிறந்தவர்களைப் போன்ற நெருங்கிய ஆண்களைத் தவிர வேறு ஆண்கள் முன்னால் வர மாட்டாள். சின்னப் பெண் பிள்ளைகள் இரண்டு. அவளுக்கும் டைப்பிங் தெரியும் என்பதால், தவணைப் பரீட்சைத் தாள்களை அவளுக்கே தருகிறோம் என்று மாஸ்டர்மார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரக்கம்தான். இரக்கம் எத்தனை தவணைக்கு வரும்? தாள் நேரத்துக்குக் கைக்கு வராவிட்டால் கல்முனையில் டைப் பண்ண ஆளா இல்லை? இந்தக் கொம்பியூட்டர் ஓடினால் அந்த வீட்டில் சோறு, ஓடாவிட்டால் தம்பி முர்ஷித்தின் கையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அவன் ஏற்கெனவே அரிசியும் மீனும் கொண்டுவந்து வைத்துவிட்டு, ராத்தா என்று கூப்பிடும் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டாமல் போகிறவன்.

கொம்பியூட்டரோ நளீம் வாங்கியபோதே பழசு. ஸம்றா அதில் உட்காரத் தொடங்கியதிலிருந்து அடிக்கடி நின்று நின்று, கடைசியில் எழும்பவே மறுத்துவிட்டது. விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும் என்று றிபா முடிவெடுத்தாள். போடத் தொடங்கினால் ஒருதரம் பாதியில் நீலத் திரை வந்தது. இன்னொருதரம் முடியப்போகும் தறுவாயில் அப்படியே உறைந்து நின்றது. இப்படி இடம் மாறி மாறி நின்றால் றிபா முதலில் சந்தேகப்படுவது ரேமைத்தான். கழற்றி, அதன் மஞ்சள் பற்களை அழிறப்பரால் தேய்த்தாள். கடற்காற்று படுகிற ஊரில் பாதி வருத்தத்துக்கு அதுதான் மருந்து. கேட்கவில்லை. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே முதல் தரத்திலேயே சொன்னபடி கேட்டு, விண்டோஸ் முழுக்க ஏறியது.

திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் ஸம்றா கோல் எடுத்தாள்.

"றிபா ராத்தா, திரும்பவும் நிண்டிட்டு. இப்ப எழும்பவே மாட்டெங்கிது."

றிபாவுக்குக் கோபம் வந்தது. பையில் இருந்த வேறு ரேமைப் போட்டாள், ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாள், பவர் சப்ளையையும் மாற்றினாள். ஸம்றா வீட்டு மேசையில் வைத்தால் விண்டோஸ் ஏறாது. தன் வீட்டு மேசையில் வைத்தால் ஏறும். மெஷினுக்கு வீடு தெரியுமா, என்ன? அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, "நல்ல சாமான எடுத்துட்டுப் பழசப் போட்டிருப்பாள் கா" என்று ஓதியிருந்தாள். ஸம்றா அதை வாயால் சொல்லவில்லை. ஆனால் றிபாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை றிபாவைச் சுட்டது.

"இண்டைக்கு இது முடியாம நான் எழும்ப மாட்டன் புள்ள. உங்கட வேலயப் பாருங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டாள்.

விண்டோஸ் ஏறிக்கொண்டிருந்தது. றிபா ஒரு கையை அந்தத் தகரப் பெட்டியின் மேல் வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸம்றா உடுப்புக் கழுவத் தண்ணீர் வேண்டும் என்று குசினிக்குப் போய் அடுப்படிச் சுவிட்சைத் தட்டி மோட்டரைப் போட்டாள். கிணற்றடியில் மோட்டர் உறுமியது. அதே நொடியில் திரை நீலமாகியது. றிபாவின் உள்ளங்கையில் சுள்ளென்று ஒன்று ஏறியது.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, அதன் நுனியைப் பெட்டியின் ஆணியில் வைத்தாள். பிடிக்குள் இருந்த சின்ன பல்ப் எரிந்தது.

"புள்ள, மோட்டர நிப்பாட்டுங்க."

பல்ப் அணைந்தது.

"இன்னொருக்காப் போடுங்க."

எரிந்தது.

"நிப்பாட்டுங்க. நான் சொல்லாமப் போடவேணாம்."

கொம்பியூட்டரில் ஒரு பிழையும் இருக்கவில்லை. பழைய மோட்டருக்குள் மின்சாரம் கசிகிறது. கசிந்தது எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்கிப் போக வேண்டும். மண்ணில் புதைத்த எர்த் எங்கோ அறுந்திருக்கிறது. அதனால் மோட்டர் ஓடும் நேரமெல்லாம் வீட்டில் எர்த் தொடுகிற ஒவ்வொரு இரும்பிலும் கரண்ட் நிற்கிறது. நளீம் விடிய முதலே மோட்டரை ஓட விட்டுத் தொட்டியை நிரப்பிக் குளித்துவிட்டு, பிறகுதான் டைப் பண்ண உட்காருவார். அவர் இருந்த காலத்தில் மோட்டரும் கொம்பியூட்டரும் ஒன்றாக ஓடியது குறைவு. ஸம்றா பகலில் நினைத்த நேரத்தில் போடுகிறாள்.

இவ்வளவையும் யோசித்த பிறகுதான் றிபாவுக்கு மற்றது தட்டுப்பட்டது. விடிய முதல் மோட்டரை ஓட விட்டுவிட்டு, கிணற்றடியில் ஈர உடம்போடு நின்ற மனிதன். யா அல்லாஹ்.

மௌத்துக்குப் பிறகு ஸம்றா கிணற்றடிக்குப் போனதில்லை. அடுத்த வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் இடம். பிள்ளைகளையும் அவள் விடவில்லை. உள்ளே பாத்ரூமில், பிளாஸ்டிக் பைப்பில்தான் குளிப்பு. இத்தா முடிந்தால் பழையபடி எல்லாரும் அங்கேதான் போவார்கள்.

வாயைத் திறக்காமல் எழும்பிப் போகவும் வழி இருந்தது. றிபாவின் பையில் இரண்டு பின் பிளக் ஒன்று கிடந்தது. சுவர் பிளக்கின் மேல் ஓட்டையில் பேனையைக் குத்தி அதைச் செருகிவிட்டால் எர்த்துக்கும் கொம்பியூட்டருக்கும் தொடர்பு அறுந்துவிடும். நம் ஊரில் பாதி வீட்டில் அந்த வித்தைதான் நடக்கிறது. விண்டோஸ் ஏறும், ஸம்றாவுக்கு வேலை நடக்கும், றிபாவின் பெயரும் மீளும். இந்த வீடு ஸம்றாவுக்குச் சீதனமாகக் கட்டிய வீடு. வயரிங் முழுக்க முர்ஷித்தின் கை. அவன் வயர்மேன். வாயைத் திறந்தால், இந்த வீட்டைத் தாங்கி நிற்கும் ஒரே ஆண்பிள்ளையின் தலையில் ஒரு மௌத்தைத் தூக்கி வைப்பதாக முடியும். அவள் பிளக்கைக் கையில் எடுத்தும் விட்டாள்.

"உம்மா, வெக்கையா இரிக்கி. கிணத்தடியில குளிக்கட்டா?" என்று சின்னவள் குசினியில் கேட்டாள்.

"நாளைக்குப் பாப்பம் மகள்" என்றாள் ஸம்றா.

றிபா பிளக்கைப் பைக்குள் போட்டுவிட்டு முர்ஷித்துக்குக் கோல் எடுத்தாள்.

அவன் வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே முகத்தில் சலிப்பு. வேலையை இடையில் விட்டுவிட்டு வந்திருந்தான்.

"றிபா ராத்தா, நீங்க கொம்பியூட்டரப் பாருங்க. வயரிங் என்ட வேல. நான் பாத்துப் பாத்துச் செஞ்ச வீடு இது."

"உங்கட வேலய நான் குறை சொல்லல்ல தம்பி. டிரிப் சுவிட்ச் ஏன் விழல்ல எண்டு மட்டும் பாருங்க. பொறகு கிணத்தடிக்குப் போங்க. செருப்போட போங்க."

டிரிப் சுவிட்ச் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் சுவரிலிருந்த போர்டைத் திரும்பிப் பார்த்தான். கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து வீட்டு லைனையே வெட்டிவிடும் சுவிட்ச் அது. மோட்டர் பழசாகத் தொடங்கியபோது, போடும் நேரமெல்லாம் அது விழுந்தது. ஒவ்வொரு தரமும் ஸம்றா தம்பிக்குக் கோல் எடுப்பாள். ஓடி ஓடி அலுத்துப்போய், ஒருநாள் முர்ஷித் டிரிப்பின் வயரைக் கழற்றி லைனை நேராகக் கொடுத்துவிட்டான். வயர்மேன்மார் எல்லாரும் செய்வதுதான். அப்போது எர்த் நன்றாக இருந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு உப்பு மண் தன் வேலையைக் காட்டியிருக்கிறது.

அவன் போர்டைக் கழற்றிப் பார்த்தான். பிறகு கிணற்றடிக்குப் போனான். றிபா குசினியின் பின்கதவில் நின்றாள். மண்ணைக் கிளறி எர்த் கம்பியைப் பிடித்து இழுத்தான். துருப்பிடித்த ஒரு துண்டு கையோடு வந்தது. றிபா கையை நீட்டிச் சுவிட்சைத் தட்டி மோட்டரைப் போட்டாள். அவன் டெஸ்டரை மோட்டரின் உடம்பில் வைத்தான். பல்ப் எரிவது அவள் நின்ற இடத்துக்கே தெரிந்தது. அவள் நிறுத்தினாள். அவன் எழும்பவில்லை. குந்தியபடியே மோட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் உள்ளே வந்தபோது ஸம்றா அறை வாசலில் நின்றாள்.

"ராத்தா, மச்சான் விழுந்த அண்டைக்கு மோட்டர் ஓடிட்டா இருந்த?"

"ஓம். தொட்டி நிரம்பி வழிஞ்ச. நான் சுவிட்ச நிப்பாட்டிட்டுத்தானே போய்ப் பாத்த. ஏன் கேக்காய்?"

அவள் அந்த சுவிட்சை நிறுத்தாமல் ஓடியிருந்தால் இரண்டு ஜனாஸா எடுத்திருப்பார்கள். முர்ஷித் சுவரில் சாய்ந்தான். ஸம்றா அவனை விட்டுவிட்டு றிபாவைப் பார்த்தாள்.

"மோட்டர்ல கரண்ட் அடிக்குதா, றிபா ராத்தா?"

"ஓம் புள்ள."

"எப்ப இருந்து?"

றிபா எத்தனையோ வீடுகளில் எத்தனையோ மறைத்தவள். பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனாலும் சொல்லப் பார்த்தாள்.

"பழைய மோட்டர்தானே. இப்ப கிட்டடியிலதான்..."

"பொய் சொல்லாதீங்க ராத்தா" என்று முர்ஷித் றிபாவைத் தடுத்தான். பிறகு ஸம்றாவின் பக்கம் திரும்பினான். "மச்சானுக்கு நெஞ்சு வருத்தம் வரல்ல. டிரிப்ப நான்தான் கழட்டின. நான்தான் ராத்தா."

ஸம்றா அழவில்லை. தம்பியை ஏசவும் இல்லை. மெல்ல நிலத்தில் உட்கார்ந்தாள். தலையிலிருந்து இத்தாவின் வெள்ளைத் துணி நழுவியது. அதை இழுத்துவிடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. ஒருவரையும் பாராமல் கதைத்தாள்.

"அவரு சொன்னவருதான். மோட்டரடியில நிண்டா கை விறைக்கிற மாதிரி இரிக்கி ஸம்றா எண்டு ரெண்டு மூணு தரம் சொன்னவரு. சீனி கூடினா அப்பிடித்தான் விறைக்கும் எண்டு நான் சொன்ன. நாள் தவறாமப் பாவக்காச் சாறு அடிச்சுக் குடுத்த. மொகத்தச் சுளிச்சிக்கிட்டுக் குடிச்சாரு. குடிச்சிட்டு அதே கிணத்தடிக்குத்தான் போனாரு."