நான்கு முறை தள்ளிய கரும்புள்ளி

விண்வெளி ஆய்வு மையத்தில் வேலை என்று சொன்னதும் எவரும் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ ராத்திரி டியூட்டியா?" என்பதுதான். காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை வரை என்று மூன்று ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி எக்ஸ்ரே அக்காவுக்கு வாய் வலித்துவிட்டது. தொலைநோக்கி விண்வெளியில் சுற்றுகிறது. அவரோ முதல் மாடியில், ஜன்னல் திறக்காத ஓர் அறையில் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். வானத்தை அண்ணாந்து பார்த்தே மாதக்கணக்காகிறது.

இங்கு வருவதற்கு முன் பதினாறு ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் இருந்தார். அந்தப் பிரிவை மூடிய சமயத்தில்தான், படங்களை ஒப்பிட்டுப் பார்த்துப் பழகிய ஆள் வேண்டும் என்று மையம் விளம்பரம் கொடுத்திருந்தது. பட்டப்பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது.

வேலையைச் சொல்லுவது எளிது. அருகிலுள்ள நூற்றுத் தொண்ணூறு விண்மீன் மண்டலங்களைத் தொலைநோக்கி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அகச்சிவப்பு ஒளியில் படமெடுக்கிறது. தூசுத் திரைக்குள் ஒரு விண்மீன் வெடித்தால் சாதாரண ஒளி வெளியே வராது. அதன் வெப்பம் மட்டும் அகச்சிவப்பாகக் கசியும். புதிய படத்திலிருந்து ஆதாரப்படம் எனப்படும் பழைய படத்தைக் கணினி கழிக்கும். மாறாதவை மறைந்துவிடும். புதிதாக ஒளிர்ந்தது வெள்ளைப் புள்ளியாக மிஞ்சும். வெள்ளை வந்தால் மேலே அனுப்ப வேண்டும். கருப்பு வந்தால் ஆதாரப்படத்தில் பழுது என்று பொருள்; நாலாம் எண் பொத்தானை அழுத்தித் தள்ளிவிட வேண்டும். விதிமுறைத் தாளில் அப்படித்தான் இருந்தது. "இன்னைக்கு எத்தனை நட்சத்திரத்தைக் குப்பையில போட்ட?" என்று அவருடைய கணவர் தினமும் விசாரிப்பார்.

118ஆம் மண்டலத்தின் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்து நின்றது. புதன்கிழமை அதைப் பார்த்ததும் அக்காவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. கழித்தல் நிரலை எழுதிய இளைஞனைக் கூப்பிட்டார். அவனை எல்லோரும் ஃபார்முலா என்றே அழைப்பார்கள்.

"தம்பி, 118-ல அந்தக் கருப்பு திரும்ப வந்திருக்கு."

"வரத்தான் செய்யும்க்கா. நாலாம் நம்பரை அழுத்துங்க, போயிடும்."

"மூணு தடவை அழுத்தியாச்சு. இப்ப நாலாவதும் அழுத்திட்டேன். போச்சா?"

"வெள்ளிக்கிழமை ஆதாரப்படமே மாறுதுக்கா. இந்த வருஷத்துப் படங்களைச் சேர்த்துப் புதுசு போடுறோம். பழைய கழித்தல் படங்களையும் அழிச்சிடுவோம், இடம் இல்ல. அப்புறம் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

அக்காவுக்கு நிம்மதி வரவில்லை. கழித்தல் படத்தின் மூலையில் புள்ளியின் ஆழத்தைக் கணினி ஓர் எண்ணாகக் காட்டும். யாரும் கேட்காமலேயே அவர் அதைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார்: 31, 44, 52, 57. மதிய உணவுக்குப் பிறகு அந்த நான்கு எண்களையும் மறுபடி பார்த்தபோதுதான் அவை ஏறிக்கொண்டே போவது உறைத்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்த இடத்தில் கருப்பும் இருக்காது, அதை ஒருவர் திரும்பிப் பார்ப்பதற்கான காரணமும் இருக்காது.

ஆதாரப்படத்துக்கும் முந்தைய படம் ஒன்று கிடங்கில் இருந்தது. அதைத் திறக்க அக்காவுக்கு அனுமதி இல்லை. வியாழன் காலை பத்து மணிக்குக் கேட்டார். "ரெண்டு நிமிஷம்க்கா" என்றான் ஃபார்முலா. பன்னிரண்டே முக்காலுக்கு அக்கா தம் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவன் மேசையை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னக்கா, தர்ணாவா?"

"இல்ல. உன் ரெண்டு நிமிஷம் எவ்வளவு நீளம்னு அளந்து பாக்குறேன்."

"பழுதைப் பாக்கறதுக்கு எதுக்குக்கா இவ்வளவு பாடு?"

"போன மாசம் எடுத்த எக்ஸ்ரேல நெஞ்சுல சளி இருக்கு. இன்னைக்கு எடுத்ததுல இல்ல. உடனே பழைய ஃபிலிம் கெட்டுப்போச்சுன்னா சொல்லுவாங்க? ஆளு தேறிட்டான்னு சொல்லுவாங்க."

"அக்கா, இது நெஞ்சு இல்ல."

"நெஞ்சு இல்லன்னு எனக்கும் தெரியும். ஆதாரப்படம் மாறவே இல்லையே? பழுதுன்னா எல்லாத் தடவையும் ஒரே ஆழம்தானே வரணும்? இதைப் படி."

ஃபார்முலா குறிப்பேட்டைப் படித்தான். பிறகு தலையைச் சொறிந்தான். பழைய படம் அப்படியே இருக்க, கழித்தல் மட்டும் ஆழமாகிக்கொண்டே போகிறது என்றால், புதிய படங்களில் ஏதோ ஒன்று மங்கிக்கொண்டே போகிறது. வேறு வழியே இல்லை. அவன் மறுபேச்சில்லாமல் கிடங்கைத் திறந்தான். முந்தைய படத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஆதாரப்படத்தில் உருண்டையாக, பளிச்சென்று ஒரு விண்மீன்.

"ஐயோ! ஆதாரப்படம் எடுத்த அன்னைக்கே அது வெடிச்சு எரிஞ்சிட்டு இருந்திருக்குக்கா."

"எரிஞ்சதை எடுத்து அளவுகோலா வெச்சிட்டு, என்னைப் பொத்தான் அழுத்தச் சொல்லியிருக்கீங்க. நல்லா இருக்கு."

வெள்ளி காலை திட்டத் தலைவியான பேராசிரியை இரண்டு படங்களையும் நான்கு எண்களையும் பார்த்தார். சாதாரண ஒளியில் எடுத்த பதிவுகளைத் தேடச் சொன்னார். எதிலும் அந்த விண்மீன் இல்லை. தூசுக்குள்ளேயே வெடித்து, தூசுக்குள்ளேயே அணைந்துகொண்டிருந்தது.

"அழிக்கிற வேலையை நிறுத்து," என்றார் ஃபார்முலாவிடம். "அறிக்கையில முதல் பேரு இவங்களோடது."

அக்காவின் முகம் மலரவில்லை.

"மேடம், அப்போ மத்த கருப்பு? தாள்ல இருந்தபடி எல்லாத்தையும் நான்தானே தள்ளினேன்."

"எத்தனை?"

"ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு."

ஃபார்முலா நாற்காலியில் சரிந்தான். பேராசிரியை விதிமுறைத் தாளைத் தேடி எடுத்தார். கீழே இருந்தது அவருடைய கையெழுத்துதான். "இது என் தப்பு. எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும்," என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, கருப்பைத் தள்ளச் சொன்ன வரியைத் தாமே பேனாவால் அடித்தார்.

பதினொரு மணிக்கு அக்கா முதல் மண்டலத்தைத் திறந்தார். ஒரு கரும்புள்ளி. நான்கு முறையின் ஆழங்களையும் வரிசையாக எழுதினார்: 22, 22, 21, 22.

"இதாவது ஒழுங்கா பழுதா இருக்கே," என்று முணுமுணுத்தபடி நாலாம் எண்ணை அழுத்திவிட்டு அடுத்ததைத் திறந்தார்.