டாக்டர் காரின் பின்சீட்

பெருங்களத்தூரில் பழைய கார்கள் விற்கும் இடத்துக்குப் போயிருந்தேன். ஒரே சொகுசுக் காரின் பழைய மாடலும் புதிய மாடலும் அருகருகே நின்றன.

“புதுசுல பெரிய ஸ்கிரீன் இருக்கு மேடம். ஆனா ஓட்டுற சுகம் பழசுலதான்” என்றார் விற்பனையாளர்.

பழையதன் கதவைத் திறந்ததும், வெயிலில் காய்ந்த தோல் இருக்கையின் வாசனை முகத்தில் அடித்தது. சின்ன வயதில் நான் ஏறிய ஒரு டாக்டரின் காரிலும் இதே வாசனைதான்.

எனக்கு எட்டு வயதில் அம்மாவுக்குக் காசநோய். தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் இருந்தார். என்னை உள்ளே விடமாட்டார்கள். மாலையில் அப்பாவும் நானும் வாசலில் நின்று, மாடி ஜன்னலில் தெரியும் அம்மாவுக்குக் கையசைப்போம். நான் அழ ஆரம்பித்தால், அங்கே நிற்கும், அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரின் காரைக் காட்டி அப்பா பேச்சை மாற்றுவார்.

“முந்தின மாடல்ல லைட்டு சின்னதா இருக்கும் பாப்பா. இது எப்படி முழிச்சுப் பாக்குது பாரு!”

அம்மா வீடு திரும்பிய அன்று அடைமழை. ஆட்டோ கிடைக்கவில்லை. டாக்டரே எங்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். பின்சீட்டில் அம்மா என்னைவிட்டுத் தள்ளியே உட்கார்ந்திருந்தார். குரோம்பேட்டை நெருங்கும்போது மெல்லக் கேட்டார்.

“டாக்டர், இவளை நான் தொடலாமா?”

“தாராளமா மடியில வெச்சுக்கங்கம்மா.”

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அவர் கண்ணீர் என் உச்சந்தலையில் சூடாக விழுந்தது. அஸ்தினாபுரத்தில் வீடு வரும்வரை என்னை மடியிலிருந்து இறக்கவில்லை.

“எதை ஓட்டிப் பாக்குறீங்க மேடம்?”

“ரெண்டையும். ஆனா நாளைக்கு வரேன். அம்மாவையும் கூட்டிட்டு வரணும்” என்றேன்.