அளக்காத மூடிகள்

1. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

நாற்பத்திரண்டு வயதில் ஸ்டாடிஸ்டிக்ஸ் படிக்கப் போனேன். மலேசியாவில் சுங்கை வே பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஃபேக்டரியில் தரம் பார்க்கும் கியூசி இன்ஸ்பெக்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் யூனிவர்சிட்டியில் பகுதி நேர டிகிரி. மற்ற பாடங்களில் எப்படியோ தேறிவிட்டேன். இந்த ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பரில் மட்டும் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறையும் போனால் பெயரை நீக்கிவிடுவார்கள். ஆனாலும் அந்த வகுப்பு என்றால் எனக்கு உயிர். வாரம் ஆறு நாள் ஃபேக்டரியில் மெஷின் ஓட்டுகிறவர்கள் "ஏய் கியூசி" என்று கூப்பிடுவார்கள். அங்கேதான் அட்டெண்டன்ஸில் என் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

லெக்சரர் டாக்டர் மாலதி கிள்ளான்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவரவர் வேலையிடத்து டேட்டாவை வைத்து அசைன்மெண்ட் செய்யச் சொன்னார். எனக்குக் கொண்டாட்டம். மணிக்கு ஐந்து பாட்டில் மூடிகளின் அகலத்தை அளந்து எழுதும் ஷீட் எங்களிடம் கட்டுக்கட்டாகக் கிடந்தது. இருபது நாள் கணக்கைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன்.

2. மாட்டிக்கொண்டது

அடுத்த வாரம் வகுப்பு முடிந்ததும் என்னை இருக்கச் சொன்னார்.

"அக்கா, எந்த மெஷினும் இவ்வளவு ஒழுங்கா ஓடாது. எல்லா நம்பரும் நடுவுலயே நிக்குது. யாரு அளந்தது இத?"

முகம் சுண்டிப்போனது. காலையில் இரண்டு மூடி அளப்போம். மிச்சக் கட்டங்களை டீ குடித்துக்கொண்டே அகாக்-அகாக், குத்துமதிப்பாக நிரப்பிவிடுவோம். பத்து வருஷப் பழக்கம். தப்பென்றே தோன்றியதில்லை, அதுதான் வெட்கக்கேடு. மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரு வாரம் நிஜமாக அளந்து கொண்டுவாருங்கள், போதும் என்றார்.

சாப்பாட்டு நேரத்தையும் விட்டு அளந்தேன். அம்மாடி, மத்தியானத்துக்கு மேல் மெஷின் சூடேற ஏற மூடி சுருங்கிக்கொண்டே வந்தது! நோட்டில் கிராஃப் போட்டபோது, இரண்டு வருஷமாகப் புரியாததெல்லாம் புரிந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அப்புறம் வரவே இல்லை.

சூப்பர்வைசர் மூர்த்தி அதைப் பார்த்துவிட்டார்.

"அடுத்த மாசம் ஆடிட்லா அக்கா. இது வெளிய போச்சுன்னா பழைய ஷீட்டெல்லாம் பொய்னு தெரிஞ்சிடும், உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல."

3. போகாத வகுப்பு

நோட்டை அவர் பிடுங்கவில்லை, என் பையில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கிளம்பி, வழியில் பிரிக்பீல்ட்ஸ் வரை போய், அங்கே ஒரு கடையில் உட்கார்ந்துவிட்டேன். வாங்கிய தே தாரேக் டீ ஆறிப்போனது. டாக்டர் மாலதி மூன்று முறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை. அப்புறம் வகுப்புக்கே போகவில்லை, அசைன்மெண்டும் கொடுக்கவில்லை. மூன்றாவது முறையும் ஃபெயில், பெயரை நீக்கிவிட்டார்கள்.

பின்னாளில் நானே சூப்பர்வைசர் ஆனேன். கட்டம் காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை, அளக்காத நம்பரை எழுதாதீர்கள் என்று பிடிவாதமாக நின்றேன். இளையவர்களுக்கும் அதையேதான் சொல்வேன்.

ரிட்டையர் ஆகி இரண்டு வருஷமாகிறது. டிகிரி ஆசை எப்போதோ போய்விட்டது. ஆனால் அந்தக் கிராஃபைப் பார்த்திருந்தால் டாக்டர் மாலதி என்ன சொல்லியிருப்பார்? அந்த ஒரு வார்த்தையைக் கேட்க இன்றைக்கும் ஏங்குகிறேன்.